ரூட்டரில் பெண்டிரைவ்: இதுவரை நடந்தது

கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் ஓடுவது பழைய டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரூட்டர், இரண்டாம் பதிப்பு, ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருள் போட்டது. உள்ளே ஃபிளாஷ் (நிரந்தரச் சேமிப்பு) மொத்தமே 16 எம்பி. சிஸ்டம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். இணையப் பயன்பாட்டு வரைபடங்கள் தற்காலிக நினைவகமான ராமில் இருப்பதால் ரூட்டரை அணைத்தால் எல்லாம் போய்விடும். பின்னால் இரண்டு யுஎஸ்பி போர்ட் சும்மா கிடக்கும்போது புது ரூட்டர் எதற்கு? லோ யாட் கணினிக் கடை வளாகத்தில் ஒரு சின்ன பெண்டிரைவ் வாங்கி வந்தேன்.

ஓபன்டபிள்யூஆர்டியில் சிஸ்டம் இருக்கும் பகுதியைப் படிக்க மட்டும்தான் முடியும், நாம் மாற்றுவது, சேர்ப்பது எல்லாம் அதன் மேலிருக்கும் ஓவர்லே என்ற எழுதக்கூடிய அடுக்கில்தான் போய் உட்காரும். அந்த ஓவர்லேயை பெண்டிரைவுக்குக் கொண்டுபோவதுதான் எக்ஸ்ட்ரூட். பிளாக்-மவுண்ட் (டிரைவை இணைப்பது), யுஎஸ்பி டிரைவர், இஎக்ஸ்டி4 (லினக்ஸ் கோப்பு முறை) பேக்கேஜ்களைப் போட்டு, பெண்டிரைவை இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்து, ஓவர்லேயை அப்படியே நகலெடுத்து, எந்த டிரைவை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பெண்டிரைவின் யுயுஐடியை (அதற்கே உரிய அடையாள எண்) எழுதி ரீபூட் செய்தால் முடிந்தது. இடம் எம்பியிலிருந்து ஜிபிக்குத் தாவியது பார்க்கவே சந்தோஷம்.

சிக்கல் மழையோடு வந்தது. சாயங்கால இடியில் கரண்ட் போய் வந்ததும், "தம்பி, வைஃபை பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுது" என்று அக்கா கூப்பிட்டார். பழைய பாஸ்வேர்டை அடித்தால் உடனே ஏற்றுக்கொண்டது! அதுதான் துப்பு. ரூட்டர் பூட் ஆகி ஓவர்லேயைத் தேடும் நேரத்துக்குள் பெண்டிரைவ் விழிக்கவில்லை, அதனால் ரூட்டர், நகலெடுத்த அன்று உள் ஃபிளாஷில் இருந்த செட்டிங்கையே எடுத்துக்கொண்டது, நான் பாஸ்வேர்டை மாற்றியதோ அதற்குப் பிறகு. எஃப்எஸ்டேபில் குளோபல் பகுதியில் 'டிலே_ரூட்' மதிப்பை 15 என்று வைத்தேன், பெண்டிரைவுக்காக 15 வினாடி வரை காத்திருக்கும். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன், புது பாஸ்வேர்டோடுதான் எழுந்தது.

வரைபடங்களை இப்போது பெண்டிரைவில் எழுத விட்டிருக்கிறேன். எழுத எழுத ஃபிளாஷ் தேயும், அது தெரிந்ததுதான், ஆனால் போர்டில் சால்டர் செய்த சிப் தேய்வதைவிட, கழற்றி மாற்றக்கூடிய ஒன்று தேயட்டும்.

அடுத்த வேலை ஃபர்ம்வேர் அப்கிரேட். ரூட்டரில் ஏற்றும் புது மென்பொருள் கோப்பில் (இமேஜில்) அந்த யுஎஸ்பி, இஎக்ஸ்டி4 பேக்கேஜ்கள் இல்லாவிட்டால் பெண்டிரைவையே ரூட்டருக்குத் தெரியாது, அதனால் அவற்றைச் சேர்த்தே இமேஜ் கட்டப் போகிறேன்.