கிட்டார் கார்ட்: காந்தாரம் எந்தத் தந்தியில் இருக்கிறது?

கிட்டார் கைக்கு வந்ததும் கூடவே ஒரு கார்ட் சார்ட்டும் வந்துவிடும். கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள். கட்டம் கட்டமாகப் படங்கள், ஒவ்வொன்றிலும் கறுப்புப் புள்ளிகள். அதை வரிசையாக மனப்பாடம் செய்யப் போனால் இந்த மாதம் ஏறியது அடுத்த மாதம் இறங்கிவிடும். கீழே உள்ள பயிற்சி வரிசை வேறு மாதிரி. எட்டே எட்டு திறந்த கார்ட்களை (சில தந்திகளை அழுத்தாமலே ஒலிக்கவிடும் கார்ட்களை) விரலில் ஏற்றிக்கொள்வது. கார்டின் பெயராக வரும் சுரத்தையே அதன் ஷட்ஜமாக வைத்து, ஒவ்வொன்றிலும் காந்தாரம் எந்தத் தந்தியில், மேல் ஷட்ஜம் எந்தத் தந்தியில் என்று தேடிப் பிடிப்பது. அவ்வளவுதான். மிச்ச வகைகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு சுரங்களை ஒன்றிரண்டு ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நகர்த்தினால் கிடைத்துவிடும்.

கார்ட்களை இங்கே எழுதும் முறை: தடித்த ஆறாம் தந்தியில் தொடங்கி மெல்லிய முதல் தந்தி வரை ஃப்ரெட் எண்கள். 0 என்றால் திறந்த தந்தி, × என்றால் ஒலிக்கக் கூடாத தந்தி.

முதல் இரண்டு வாரம்: எட்டு கார்ட்

ஈ மேஜர் 0-2-2-1-0-0, ஈ மைனர் 0-2-2-0-0-0, ஏ மேஜர் ×-0-2-2-2-0, ஏ மைனர் ×-0-2-2-1-0, டி மேஜர் ×-×-0-2-3-2, டி மைனர் ×-×-0-2-3-1, சி மேஜர் ×-3-2-0-1-0, ஜி மேஜர் 3-2-0-0-0-3.

ஒவ்வொன்றையும் பிடித்துவிட்டு உடனே ஸ்ட்ரம் செய்யாமல் (எல்லாத் தந்திகளையும் ஒரே வீச்சில் மீட்டாமல்), தந்தி தந்தியாகத் தனித்தனியே மீட்ட வேண்டும். எது செத்த ஒலி தருகிறதோ அங்கேதான் தவறு. விரல் நுனி உலோக ஃப்ரெட்டுக்குச் சற்றே பின்னால் இருக்க வேண்டும். இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் அழுத்தினால் இரட்டை பலம் போட்டும் 'ஜ்ர்ர்' என்று அதிரும். சி மேஜரில் முதல் தந்தி மங்கிப் போவது எல்லாருக்கும் நடப்பது. சுட்டுவிரலின் அடிப்பகுதி அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். கட்டைவிரலைக் கழுத்தின் பின்புற நடுவுக்கு இறக்கி, மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் விரல்கள் வளைந்து எழும்பும், தந்தி விடுபடும்.

ஏ மேஜரில் மூன்று விரல்கள் ஒரே ஃப்ரெட்டில் நெருக்கியடிக்கும். நான்காம் தந்தியில் நடுவிரல், மூன்றாம் தந்தியில் மோதிரவிரல், இரண்டாம் தந்தியில் சுண்டுவிரல் என்று வைப்பது நல்லது. சுண்டுவிரல் முதலில் முரண்டு பிடிக்கும். ஆனாலும் சுட்டுவிரல் சும்மா இருப்பதில் ஒரு லாபம் உண்டு; கொஞ்ச நேரத்தில் அது தெரியும்.

விரல் நுனி வலி இந்தக் கட்டத்தில் வரத்தான் செய்யும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட, கால் மணி நேரமாக இரண்டு மூன்று தடவை உட்காருவது மேல். அகூஸ்டிக் கிட்டாரில் 0.012 தந்தி செட் (முதல் தந்தியின் தடிமன், அங்குலத்தில்) போட்டிருந்தால் 0.010 அல்லது 0.011-க்கு மாற்றலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் ஃப்ரெட்டில் மட்டும் அழுத்தவே முடியவில்லை என்றால் பழி விரல் மேல் இல்லாமலும் இருக்கலாம். தந்தியை இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுகளுக்கு இடையே அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மயிரிழை அளவு இருந்தால் சரி. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவு என்றால் நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பட்டை) உயரமாக இருக்கிறது. அதன் பள்ளங்களைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ராவ வேண்டும். இப்படிப்பட்ட கிட்டாரில் திறந்த கார்ட்கள் எல்லாமே சுருதி ஏறியே ஒலிக்கும்.

ட்யூனிங்கில் ஒரு பொறி

தந்திகள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ட்யூனரில் ஏ 440 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். அப்போது ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸில் நிற்கும். பிரச்சினை அதற்குப் பிறகுதான் வருகிறது. ஈ மேஜர் பிடித்துப் பார்த்தால் மூன்றாம் தந்தி ஏதோ ஏறியிருப்பதுபோல் காதுக்குப் படும். கை தானாகக் குமிழைத் தளர்த்தும். ஈ மேஜர் இனிக்கும். அடுத்து சி மேஜர் பிடித்தால் புளிக்கும். காரணம் இதுதான்: ஃப்ரெட்டுகள் சம அளவுப் பங்கீட்டில் பதிக்கப்பட்டவை, அதில் மேஜர் காந்தாரம் 400 சென்ட் (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்). காது விரும்பும் தூய காந்தாரம் ஏறக்குறைய 386. அந்த 14 சென்டை ஒரு கார்டுக்காகக் குறைத்தால், அதே தந்தி பஞ்சமமாக வரும் சி மேஜரும் ஷட்ஜமாக வரும் ஜி மேஜரும் கெடும். ட்யூனர் சொன்ன இடத்திலேயே விட்டுவிடுவதுதான் சரி.

கணக்கு

ஒரு ஃப்ரெட் ஓர் அரைச்சுரம். 12 ஃப்ரெட்டில் மேல் ஸ்தாயி. ஷட்ஜத்தை 0 என்று வைத்தால் சதுச்ருதி ரிஷபம் 2, சாதாரண காந்தாரம் 3, அந்தர காந்தாரம் 4, சுத்த மத்யமம் 5, பஞ்சமம் 7, கைசிகி நிஷாதம் 10, காகலி நிஷாதம் 11. இதை வைத்தே அடிப்படை வகைகள் எல்லாவற்றையும் எழுதிவிடலாம். மேஜர் 0-4-7, மைனர் 0-3-7, சஸ்2 0-2-7, சஸ்4 0-5-7. செவன்த் என்று வெறுமனே சொன்னால் மேஜரோடு 10 சேரும். மேஜர் செவன்த் என்றால் 11. மைனர் செவன்த் என்றால் மைனரோடு 10. டிமினிஷ்ட் 0-3-6, ஆக்மென்டட் 0-4-8. காந்தாரமே இல்லாமல் 0-7 மட்டும் வாசித்தால் பவர் கார்ட். டிஸ்டார்ஷன் ஏற்றிய எலக்ட்ரிக் கிட்டாரில் காந்தாரம் குழம்பிக் கலங்குவதால் அங்கே இதற்குத்தான் மவுசு.

ஆக, மேஜருக்கும் மைனருக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு ஃப்ரெட். அந்த ஃப்ரெட் எந்தத் தந்தியில் என்பதுதான் கேள்வி.

மூன்றாம் வாரத்திலிருந்து: ஒரு தந்தியில் நான்கு வகை

ஏ மேஜரில் நான்காம், மூன்றாம் தந்திகளில் நடுவிரலும் மோதிரவிரலும் அசையாமல் இருக்கட்டும். ஐந்து முதல் ஒன்று வரையான தந்திகளை மீட்டியபடி, இரண்டாம் தந்தியை மட்டும் மாற்றுங்கள். திறந்துவிட்டால் பி சுரம், அதாவது ரிஷபம்: ஏ சஸ்2. முதல் ஃப்ரெட்டில் சுட்டுவிரல் வைத்தால் சி: ஏ மைனர். இரண்டாம் ஃப்ரெட்டில் சுண்டுவிரல், சி ஷார்ப்: ஏ மேஜர். மூன்றாம் ஃப்ரெட்டுக்குச் சுண்டுவிரலை நகர்த்தினால் டி: ஏ சஸ்4. சுட்டுவிரலைக் காலியாக வைத்ததற்குப் பலன் இதுவே. சஸ்4-இல் நிறுத்திவிட்டுக் கேட்டால் முடியாமல் தொங்கும். ஒரு ஃப்ரெட் இறக்கி மேஜருக்கு வந்ததும் அடங்கும். மைனர், மேஜர் என்பவற்றைச் 'சோகம், மகிழ்ச்சி' என்று விளக்குவதைவிட இந்த ஒரு பயிற்சி காதுக்கு அதிகம் சொல்லித்தரும்.

டி மேஜரில் இதே வேலை முதல் தந்தியில் நடக்கிறது: 0, 1, 2, 3 என்று ஏறினால் சஸ்2, மைனர், மேஜர், சஸ்4. ஈ மேஜரில் மூன்றாம் தந்தி: திறந்தால் மைனர், 1 மேஜர், 2 சஸ்4. அங்கே ரிஷபம் திறந்த தந்திக்கும் கீழே போய்விடுவதால் இந்த வழியில் சஸ்2 கிடைக்காது.

இப்போது சி மேஜர். காந்தாரமான ஈ இரண்டு இடத்தில் இருக்கிறது: நான்காம் தந்தி இரண்டாம் ஃப்ரெட், முதல் திறந்த தந்தி. முதலாவதை ஒரு ஃப்ரெட் இறக்கலாம். திறந்த தந்தியை எங்கே இறக்குவது? ஜி மேஜரிலும் இதே கதை. அதன் காந்தாரமான பி ஐந்தாம் தந்தியிலும் இரண்டாம் திறந்த தந்தியிலும் உட்கார்ந்திருக்கிறது. சார்ட்டில் ஈ, ஏ, டி மூன்றுக்கும் எளிய மைனர் இருந்து, சி மைனரும் ஜி மைனரும் மட்டும் பார் கார்டாகவே (சுட்டுவிரலைக் குறுக்கே வைத்துப் பல தந்திகளை அழுத்தும் கார்ட்) காட்டப்படுவது இதனால்தான்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். ஈ மேஜரும் ஏ மைனரும் விரலுக்கு ஒரே வடிவம், ஒரு தந்தி தள்ளி வைத்தது. மேஜர் எப்படி மைனராகிறது? பக்கத்துப் பக்கத்துத் தந்திகளுக்கு இடையே ஐந்து அரைச்சுரம். ஜி, பி தந்திகளுக்கு இடையே மட்டும் நான்கு. மூன்றாம் தந்தியிலிருந்து இரண்டாம் தந்திக்குப் போன சுட்டுவிரல் அந்த ஓர் அரைச்சுரத்தை இழக்கிறது. இழந்தது காந்தாரத்தில் என்பதால் மைனர்.

செவன்த் வகைகள்

இங்கே நகர்வது மேல் ஷட்ஜம். டி மேஜரில் அது இரண்டாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட். ஒன்று இறக்கினால் டி மேஜர் செவன்த் ×-×-0-2-2-2. இன்னொன்று இறக்கினால் டி7 ×-×-0-2-1-2. ஏ மேஜரில் மூன்றாம் தந்தி: ×-0-2-1-2-0 மேஜர் செவன்த், ×-0-2-0-2-0 ஏ7. ஈ மேஜரில் நான்காம் தந்தி: 0-2-1-1-0-0, பிறகு 0-2-0-1-0-0. ஜி மேஜரில் முதல் தந்தி: 3-2-0-0-0-2, பிறகு 3-2-0-0-0-1. சி மேஜரில் சுட்டுவிரலைத் தூக்கினாலே மேஜர் செவன்த். சி7-க்கு மட்டும் பாதை மாறும்: மூன்றாம் தந்தியின் பஞ்சமத்தை விட்டுவிட்டு அங்கே சுண்டுவிரலால் நிஷாதம், ×-3-2-3-1-0. பஞ்சமம் போனாலும் கார்டின் குணம் போகாது. காந்தாரம் போனால் போய்விடும்.

செவன்த் எதற்கு என்று கேட்பவர்கள் ஜி7-இலிருந்து சி மேஜருக்கு மெதுவாக மாறிப் பார்க்கலாம். முதல் தந்தியில் எஃப் ஓர் அரைச்சுரம் இறங்கி ஈ ஆகிறது. இரண்டாம் தந்தியில் பி ஓர் அரைச்சுரம் ஏறி சி ஆகிறது. கையில் பார்த்தால் சுட்டுவிரல் முதல் ஃப்ரெட்டிலேயே ஒரு தந்தி தாவுகிறது. 'வீடு திரும்பியது' போன்ற உணர்வு முழுக்க அந்த இரண்டு அரைச்சுரங்களில் இருக்கிறது.

எந்தக் கார்டோடு எது சேரும்

மேஜர் ஸ்கேலின் இடைவெளி, அரைச்சுரக் கணக்கில், 2-2-1-2-2-2-1. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்குச் சங்கராபரணத்தின் சுரத்தானங்கள் என்றால் போதும். அதன் ஒவ்வொரு சுரத்திலும் ஒன்று விட்டு ஒன்றாக மூன்று சுரம் அடுக்கினால் சி ஸ்கேலில் சி, டி மைனர், ஈ மைனர், எஃப், ஜி, ஏ மைனர், பி டிமினிஷ்ட். டி ஏன் மைனர்? டி-யிலிருந்து எஃப் வரை மூன்றே அரைச்சுரம். வேறு ரகசியம் இல்லை. எந்த மேஜர் ஸ்கேலிலும் 1, 4, 5 மேஜர், 2, 3, 6 மைனர், 7 டிமினிஷ்ட். அந்த ஏழாவதைத் தொடக்கத்தில் பயிற்சி செய்ய வேண்டியதில்லை. பி, டி, எஃப் மூன்றும் ஜி7-க்குள்ளேயே இருக்கின்றன.

அதே சுரங்களைத் தைவதத்திலிருந்து தொடங்கினால் நடபைரவி. மேற்கத்திய முறையில் அதுவே இயல்பான மைனர் ஸ்கேல். சி மேஜரும் ஏ மைனரும் ஒரே குடும்பம் என்பது இதுவே. ஆனால் ஏ மைனரில் ஐந்தாம் கார்டாக ஈ மைனருக்குப் பதில் ஈ மேஜர்தான் அதிகம் வரும். அதன் ஜி ஷார்ப், ஏ-யை நோக்கி இழுக்கும். அப்போது ஸ்கேல் கீரவாணியாகிவிடும். ராகப் பாடல்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது: ராகத்தின் காந்தாரம் கமகத்தில் அசையும், ஃப்ரெட்டில் அது ஆணி அடித்தாற்போல் நிற்கும்.

தொடங்குவதற்கு ஜி குடும்பம் வசதி: ஜி, சி, டி, ஈ மைனர் நான்கும் திறந்தவை. குரலுக்குச் சுருதி போதவில்லை என்றால் இரண்டாம் ஃப்ரெட்டில் கேபோ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்). விரல் அதே ஜி வடிவம், ஒலி ஏ மேஜர். கேபோவை ஃப்ரெட்டுக்கு ஒட்டினாற்போல் பின்னால் மாட்டி, ஒரு தடவை ட்யூனர் பார்த்துவிடுவது நல்லது. அழுத்தத்தில் சுருதி சற்று ஏறும்.

மாற்றும் பயிற்சி

ஜோடி ஜோடியாக, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மாற்றம் என்று நோட்டில் குறித்துக்கொண்டே போக வேண்டும். சி-யிலிருந்து ஏ மைனருக்கு மோதிரவிரல் மட்டும் நகரும். மற்ற இரண்டையும் தூக்குவது வீண் வேலை. ஜி-யை 3-2-0-0-3-3 என்று பிடித்தால் சி ஆட்9-க்கு (சி மேஜரோடு ரிஷபம் சேர்ந்தது, ×-3-2-0-3-3) மோதிரவிரலும் சுண்டுவிரலும் அப்படியே நிற்கும். நிமிடத்துக்கு 30 வந்தால் நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் மெட்ரோனோம் வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு கார்ட். வலது கை எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. இடது கைக்காக ஸ்ட்ரம்மை நிறுத்திக் காத்திருக்கும் பழக்கம் படிந்துவிட்டால் போக்குவது கடினம். மாறும் கணத்தில் திறந்த தந்திகள் ஒலித்தாலும் தாளம் ஓடட்டும்.

எஃப் எனும் சுவர்

எஃப் 1-3-3-2-1-1 என்பது ஈ மேஜர் வடிவம்தான். நட்டின் வேலையைச் சுட்டுவிரல் செய்கிறது. ஆறு தந்தியையும் அது அழுத்த வேண்டும் என்று நினைப்பதால்தான் கை வலிக்கிறது. ஐந்து, நான்கு, மூன்றாம் தந்திகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. சுட்டுவிரலின் பொறுப்பு ஆறு, இரண்டு, ஒன்று மட்டும். விரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சற்றுச் சாய்த்து, எலும்புள்ள ஓரத்தால் அழுத்த வேண்டும். விரல் மூட்டின் மடிப்பில் தந்தி விழுந்தால் அது ஒலிக்காது. விரலை ஒரு நூல் மேலே கீழே நகர்த்தினால் சரியாகும். முதல் ஃப்ரெட்டில் தொடங்காமல் ஐந்தாம் ஃப்ரெட்டில் தொடங்குங்கள்: 5-7-7-6-5-5, அது ஏ மேஜர். அங்கே பிடிபட்டதும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்கலாம். அதுவரை பாட்டுக்கு எஃப் மேஜர் செவன்த் ×-×-3-2-1-0 சமாளிக்கும்.

பார் பிடிபட்டபின் பழைய தேடல் அப்படியே தொடர்கிறது. ஈ வடிவத்தின் காந்தாரம் மூன்றாம் தந்தி என்பது தெரிந்ததால், ஜி மேஜர் 3-5-5-4-3-3-இல் நடுவிரலை எடுத்தால் 3-5-5-3-3-3, ஜி மைனர். ஏ வடிவத்தின் காந்தாரம் இரண்டாம் தந்தி. சி மேஜர் ×-3-5-5-5-3-இல் அதை ஒன்று இறக்கினால் ×-3-5-5-4-3, திறந்த தந்தியில் கிடைக்காத சி மைனர்.