கிராம சபையில் பேசாத அக்கா

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த முதல் வருடம் முழுக்க அதிகாரக் கோட்பாடுகளைத்தான் படித்தேன். ராபர்ட் டால், லூக்ஸ், ஃபூக்கோ என்று ஆள்வரிசையாக நாற்பது பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். கமிட்டியில் ஒரு பேராசிரியை பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல உங்க ஊர் எங்கம்மா இருக்கு?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம்தான் படிக்கும் முறையை மாற்றினேன். இவர் எதைப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே படித்தேன். டால் பார்த்தது அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தை. முடிவெடுக்கும் இடத்தில் யார் பேச்சு எடுபடுகிறது என்பதை வைத்து 1961இல் எழுதினார். விவாதத்துக்கே வராமல் அமுக்கப்படும் விஷயங்கள் என்ன ஆவது என்று 1962இல் பக்ரக்கும் பராட்ஸும் கேட்டார்கள். குறை என்றே ஒருவருக்குத் தோன்றாதபடி அவருடைய விருப்பத்தையே வளைத்துவிடுவதும் அதிகாரம்தான், அது அதிகாரத்தின் மூன்றாவது முகம் என்று 1974இல் ஸ்டீவன் லூக்ஸ் சொன்னார். ஒருவருக்கு ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று பிடிபட்டதும், மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை போய்விட்டது. ஃபூக்கோவில் மட்டும் பல மாதம் மாட்டிக்கொண்டேன். என் கேள்விக்கு அவர் இப்போது வேண்டாம் என்று நெறியாளர் சொன்ன பிறகு ஒதுக்கி வைத்தேன்.

இன்னொரு சிக்கல் சொல்லில் இருந்தது. கேள்விப் பட்டியலில் 'அதிகாரம்' என்று எழுதிக்கொண்டு போனால், ஊரில் எல்லோரும் தாசில்தாரையும் போலீசையும் பற்றிப் பேசினார்கள். நான் தேடியதை அவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள்: 'செல்வாக்கு', 'அவங்க கை ஓங்கியிருக்கு', 'அவரு சொன்னா எடுபடும்'. இவை ஒன்றல்ல. இந்தச் சொற்களைத் தனித்தனியாகக் குறித்துவைத்ததுதான் கள ஆய்வில் நான் செய்த உருப்படியான முதல் வேலை.

2023 அக்டோபர் 2 கிராம சபைக்குப் போயிருந்தேன். காலனிக்காரர்களுக்குச் சுடுகாட்டுப் பாதை பெரிய பிரச்சினை என்று முன்பே தெரியும். பாதையின் பாதி யாரோ ஒருவர் வயலுக்குள் போய்விட்டது. கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குப் பழக்கமான ஓர் அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். அன்று இரவு நோட்டில், 'லூக்ஸ் சொல்லும் மூன்றாவது முகம். பழகிப்போய்விட்டதால் இது குறையாகவே தெரியவில்லை' என்று நம்பிக்கையோடு எழுதினேன்.

பத்து நாள் கழித்து அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது பாதையைப் பற்றிக் கேட்டேன். எந்த வருடம் எவ்வளவு உழுதார்கள், மழையில் பாடையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எங்கே வழுக்கி விழுந்தார்கள் என்று எல்லாம் சொன்னார். "அப்ப ஏன்க்கா கூட்டத்துல சொல்லல?" என்றேன். "அங்க பேசிட்டு, நாளைக்குத் தண்ணி திறந்து விடுறவருகிட்ட யாரு போய் நிக்கிறது? அவரு வயக்காரரோட பங்காளி" என்றார்.

நான் எழுதியது தவறு. தவறு என்பதோடு, எல்லாம் தெரிந்த ஒருவரைத் தெரியாதவர் என்று எழுதிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. அந்த வாரம் ஜேம்ஸ் ஸ்காட்டை மறுபடி எடுத்தேன். மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு நெல் விளையும் கிராமத்தில் தங்கி, 1985இல் அவர் எழுதிய நூல் அது. ஏழைகள் வெளியே அடங்கிப் போவதை வைத்து, அவர்கள் மனதாலும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கக்கூடாது என்பது அவருடைய வாதம். முன்பு படித்தபோது தலையாட்டிவிட்டுக் கடந்திருந்தேன்.

லூக்ஸைத் தூக்கி எறியவில்லை. ஆனால் அவர் சொல்வது இங்கே பொருந்துகிறது என்று எழுதுவதற்கு முன், அந்த ஆளிடம் தனியாக, வீட்டில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை பேசியிருக்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். நாற்பது பக்கம் இருபத்திரண்டாகக் குறைந்தது. இப்போது அந்த அத்தியாயம் அக்காவின் தண்ணீர்ப் பேச்சில்தான் தொடங்குகிறது.

அச்செடுத்த பக்கங்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "பேரு போடலல்ல?" என்றார். ஊர்ப் பெயரையும் மாற்றிவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி விடுறவருன்னு இருக்கே, அதையும் மாத்திரு பாப்பா" என்றார்.