ஈரம் காயாத ஊரில் குப்பை

அக்டோபர் 5, 2025, ஞாயிறு

ராத்திரி கரடி வந்து போயிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் படிக்கட்டு முழுக்க என் வீட்டுக் குப்பை கடை பரப்பிக் கிடந்தது. பால் கவர், மாத்திரை அட்டை, பிளவுஸ் வெட்டிய துண்டுத் துணி, முட்டை ஓடு. ‘இனிமேல் கடை மாவு வாங்க மாட்டேன்’ என்று போன வாரம்தான் எதிர்வீட்டு அக்காவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அந்தக் கடை மாவு பாக்கெட் அவர்கள் வாசலில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

எண்ணெய் கவரை மட்டும் கரடி இரண்டாகப் பிளந்து, ஒரு சொட்டு விடாமல் நக்கி வைத்திருந்தது. நான்கூட அவ்வளவு சுத்தமாக வழித்ததில்லை.

“பலகாரம் சுடறதுக்கு முன்னாடியே வந்துட்டாரா?” என்றார் அத்தை. தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவர். காட்டெருமைக்கும் கரடிக்கும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார்.

குன்னூரில் வண்டிச்சோலை பக்கம் எங்கள் தெரு. தெரு என்றால் படிதான். 64 படி, இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினொரு வீடு. குப்பை வண்டி அடிப்படியோடு நின்றுவிடும். விசில் கேட்டதும் இறங்க வேண்டும். மழை பெய்தால் இறங்க மனசு வராது. இரண்டு நாள் சேர்த்து வைப்போம். அதைத்தான் கரடி தெரிந்து வைத்திருக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

வண்டி அண்ணனிடம் கரடிக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு என் வாளிக்குள் கையை விட்டார்.

“மக்குறது, மக்காததுன்னு பிரிச்சுத்தான் தர்றீங்க அக்கா, அதெல்லாம் சரி. ஆனா மக்காதது பூரா நனைஞ்சிருக்கு பாருங்க. ஈரமா இருந்தா எடை ஏறும், நாத்தம் வரும், எவனும் எடுக்கமாட்டான். அமுக்கி மூட்டையா பேல் கட்டுனா உள்ளயே பூசணம் புடிச்சிரும்.”

இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. 2016 திடக்கழிவு விதிகள் வந்ததிலிருந்து மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஊசி, பேட்டரி மாதிரி ஆபத்தானவை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். மக்காததை இங்கிலீஷில் உலர் கழிவு என்ற அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். இந்த மழை மாசத்துக் குன்னூரில் எதை உலர்த்துவது? துவைத்த பாவாடையே மூன்று நாள் கொடியில் தொங்குகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒன்றை எழுதிவிட வேண்டும். பால் கவர் எங்கள் வீட்டில் இத்தனை வருஷமும் குப்பைக்குப் போனதைவிட வெந்நீர் அடுப்புக்குப் போனதுதான் அதிகம். மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். விறகு ஈரமாக இருக்கும், பேப்பர் நமத்திருக்கும், காலை ஆறு மணிக்குப் பிள்ளைக்கு வெந்நீர் வேண்டும். ஒரு கவரைப் பற்றவைத்துச் செருகினால் சொட்டுச் சொட்டாக உருகி எரிந்து விறகைப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் மிச்சம்.

இன்று குனிந்து ஊதும்போது அந்தப் புகை நேராக மூக்கில் ஏறியது. தலை கனத்து, ஒரு மணி நேரம் தையல் மெஷினில் உட்கார முடியவில்லை. அடுப்புச் சூட்டில் பிளாஸ்டிக் முழுசாக எரியாது. அரைகுறையாக வெந்துதான் இந்தக் கறுப்புப் புகை. நம் வீட்டு அடுப்பு என்பதால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் இந்தச் சந்தில் புகை எங்கே போகும்? மேல் வீட்டு ஜன்னலுக்குத்தான். அந்த வீட்டுப் பாட்டிக்கு இழுப்பு.

நிறுத்த வேண்டும். சரி, அடுப்பை எதை வைத்துப் பற்றவைப்பது?

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு மழை. நனைந்த வெடிக் காகிதம் படியில் கூழாகக் கிடக்கிறது. அதில் ரசாயனம் இருக்கும், உரத்துக்கு வைத்திருக்கும் மண் வாளியில் போடக் கூடாது என்று தனியாக வாரிக் கட்டினேன். வேறு எதுவும் செய்யவில்லை. முறுக்கு மட்டும் நன்றாக வந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

மண் வாளி பற்றி எழுதவே இல்லையே. இருபது லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு, அடியிலும் பக்கத்திலும் சூட்டுக்கோலால் ஓட்டை போட்டு, பின்புறத் திண்ணையில் செங்கல் மேல் வைத்திருக்கிறேன். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் தங்கை சொல்லிக் கொடுத்த முறை. அவள் காய்கறித் தோல், டீத்தூள், ஒரு கை புளித்த மோர் என்று போட்டு நாற்பத்தைந்து நாளில் உரம் எடுத்துவிடுகிறாள்.

எனக்கு நாற்பதாவது நாளில் சாக்கடை வந்தது. திறந்ததும் அழுகல் நாற்றம், அடியில் கறுப்புத் தண்ணீர். போனில் காட்டினேன். “என்னக்கா, ஊறுகாயா போட்டிருக்க?” என்கிறாள்.

அவள் ஊரில் வெயில் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. இங்கே வாளிக்குள் சூடு ஏறவே நாள் பிடிக்கிறது. காற்றிலேயே ஈரம் இருப்பதால் உள்ளே போட்ட தண்ணீர் வெளியே போக வழியில்லை. காற்றுப் போகாத ஈரத்தில் மக்காது, அழுகும். மோர் ஊற்றியது கடைந்தெடுத்த முட்டாள்தனம். இங்கே ஊற்ற வேண்டியது எதுவும் இல்லை. உறிஞ்ச வேண்டியதுதான் தேவை.

நவம்பர் 9, ஞாயிறு

சருகு தேடிப் போனோம், நானும் அத்தையும். ஒரு சாக்கு சில்வர் ஓக் இலை, ஒரு சாக்கு கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை. தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் ஓக்குக்குப் பஞ்சமே இல்லை. மரத்தடியில் மேல் அடுக்கு நனைந்திருந்தாலும் கையை விட்டுக் கிளறினால் கீழே மொறமொறவென்று கிடைக்கிறது.

அத்தை கற்பூர இலைச் சாக்கைப் பார்த்து, “இது மண்ணுக்கு ஆகாது. அந்த மரத்தடியில ஒரு புல்லாவது முளைச்சுப் பார்த்திருக்கியா?” என்றார். நியாயம்தான். தைலம் உள்ள இலை, லேசில் மக்காது. வெள்ளைக்காரர்கள் 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம் அது, பிறகு மலை மலையாக நட்டது விறகுக்காக. சில்வர் ஓக்கும் அதே ஊர்க்காரன்தான், ஆனால் இவன் சாது.

வாளியைக் கொட்டி, ஓக் சருகைக் கசக்கிக் கலந்து, திரும்ப அடுக்கினேன். ஒரு கிண்ணம் தோலுக்கு இரண்டு கிண்ணம் சருகு. தண்ணீர் கிடையாது.

மிஞ்சிய கற்பூர இலையை என்ன செய்வது என்று அடுப்பங்கரையில் வைத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

காலையில் ஒரு பிடி கற்பூர இலை, உரிந்த பட்டை இரண்டு துண்டு, ஒரு தீக்குச்சி. சடசடவென்று பற்றிக்கொண்டது! கவரைவிட வேகம். வீடெல்லாம் சளிக்குத் தைலம் தேய்த்த வாசனை.

மண்ணுக்கு ஆகாதது அடுப்புக்கு ஆயிற்று. அத்தை “நாங்க லைன்ல இருந்தப்போ வேற எதை வெச்சுப் பத்தவெச்சோம்னு நெனச்ச?” என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் இல்லையா? கேட்டால், “நீ கேக்கலையே.”

நவம்பர் 19, புதன்

மதியம் மூன்று மணிக்கே மஞ்சு இறங்கிவிட்டது. எதிர்வீடு தெரியவில்லை.

அடுப்புக்குப் போகாத பால் கவர் இப்போது குவிகிறது. கழுவுவது சுலபம், காய்வதுதான் பெரும்பாடு. மூலையை வெட்டி எடுத்தால் அந்தக் குட்டித் துண்டு எங்கேயோ போய்விடும். அதனால் முழுதாகத் துண்டிக்காமல் ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி வெட்டுகிறேன். பால் ஊற்றியதும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவது. அப்புறம் கவரை நீளவாக்கில் ஒரே வெட்டு வெட்டி விரித்துவிட வேண்டும். பை மாதிரி தொங்கவிட்டால் வெளியே காய்ந்துவிடும், உள்ளே இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நாலு நாள் ஆனாலும் ஈரம் போகாது. விரித்ததைச் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் அறைந்தால் தானே ஒட்டிக்கொள்கிறது. அடுப்புச் சூட்டில் சாயங்காலத்துக்குள் காய்ந்து, தானே உதிர்ந்து விழும். உதிர்ந்தால் காய்ந்துவிட்டது என்று கணக்கு.

எண்ணெய் கவருக்கு வேறு வித்தை. சோப்பு போட்டால் தண்ணீர்தான் வீண். வெட்டி விரித்து, ஒரு கை கோதுமை மாவைத் தூவித் துடைக்கிறேன். அந்த மாவு அன்றைய சப்பாத்திக்கு. கரடிக்கு இனிமேல் ஒன்றும் கிடையாது.

டிசம்பர் 11, வியாழன்

சுப்ரியா சாஹுவுக்கு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் விருது என்று செய்தி. இங்கே கலெக்டராக இருந்தவர். 2000-களின் தொடக்கத்தில் நாட்டில் பலரும் யோசிக்காத காலத்திலேயே நீலகிரியில் பிளாஸ்டிக் பை கூடாது என்றவர். அப்போது நான் புதுப் பெண். மார்க்கெட்டுக்குத் துணிப்பை மறந்து போய், கேரட்டை முந்தானையில் கட்டி வந்திருக்கிறேன். மாநிலம் முழுக்கத் தடை வந்தது 2019 ஜனவரியில். மஞ்சப்பைத் திட்டம் 2021-இல். நாங்கள் சீனியர்கள்.

சீனியர்கள் வீட்டு லட்சணம்தான் அக்டோபர் மாசம் படியில் கிடந்தது.

பை போய்விட்டது, உறை போகவில்லை. சாயங்காலம் வர்க்கி வாங்கப் போனேன். முன்பெல்லாம் பேப்பரில் மடித்துத் தருவார்கள். இப்போது பிளாஸ்டிக் உறை. கேட்டால், “மஞ்சுல பத்து நிமிஷத்துல நமத்துரும்ங்க, அப்புறம் நீங்களே திட்டுவீங்க” என்கிறார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. புவிசார் குறியீடு வாங்கிய வர்க்கியாக இருந்தாலும் ஈரத்துக்கு அது தெரியாது. நான் அத்தையின் பழைய பிஸ்கட் டின்னை நீட்டினேன். தராசில் டின்னை முதலில் வைத்து எடை கழித்து, உள்ளே போட்டுக் கொடுத்தார். பின்னால் நின்ற அம்மா, “டின்னு எங்க வாங்குனீங்க?” என்றார்.

டிசம்பர் 28, ஞாயிறு

சீசன் இல்லாத சீசன் கூட்டம். ரோட்டில் இறங்கவே முடியவில்லை. 2019 ஆகஸ்டிலிருந்து மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஆனாலும் பள்ளத்தில் எட்டிப் பார்த்தால் கிடக்கிறது.

மதுப் பாட்டில் மட்டும் கண்ணில் படுவதில்லை. 2022 மே மாதத்திலிருந்து காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய். யானைக் காலில் கண்ணாடி ஏறுகிறது என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், முதலில் நம் மாவட்டத்தில்தான் தொடங்கினார்கள். மேல் வீட்டுப் பாட்டி இழுப்பு இல்லாத நாளில் ஒரு சாக்கோடு தோட்டப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். இப்போது “ஒண்ணும் சிக்க மாட்டேங்குது” என்று சலித்துக்கொள்கிறார். சிப்ஸ் கவருக்கு ஒரு ரூபாய் வைத்தால் போதும், பாட்டி இந்த மலையையே துடைத்துவிடுவார்.

எங்கள் படிக்குப் பின்னால் ஓடும் ஓடை ஆற்றில் விழுந்து கடைசியில் பவானிக்குத்தான் போகிறது. தங்கை குடிப்பது பவானித் தண்ணீர். போன மழையில் நான் தொலைத்த ஷாம்பு கவர்களைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 14, 2026, புதன்

போகி. இரண்டு வருஷத்துத் துண்டுத் துணியைக் கொளுத்திவிடலாம் என்று எதிர்வீட்டுத் தம்பி வந்தான். பாதிக்கு மேல் பாலியஸ்டர், அதுவும் ஒரு பிளாஸ்டிக்தான். தரவில்லை. பருத்தியைக் கைப்பிடித் துணிக்கு எடுத்துக்கொண்டு, மற்றதைத் தலையணை உறைக்குள் திணித்துத் தைத்தேன். செங்கல் மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் படுத்துப் பார்த்துவிட்டு, “இதை வாசல் கதவுக்கு முட்டு வை” என்றார்.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் கடுங்குளிர், பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில். இந்த ஒரு மாதத்துக்குக் கவர் அரை மணி நேரத்தில் காய்கிறது.

வாளியைக் கொட்டினேன். சருகு கலந்து எழுபது நாள். மேலே இன்னும் இலை நரம்பு தெரிகிறது. அடியில் மண், மழை பெய்த தோட்ட வாசனை. நடுவில் எப்போதோ போட்ட முற்றிய மேராக்காய் (சௌசௌ) ஒன்று முழுசாக முளைத்து, இருட்டிலேயே முழ நீளம் வெளுத்த கொடி விட்டிருந்தது. அதை அப்படியே வேலியோரம் நட்டேன்.

பால் கவர் மூட்டையோடு பழைய பேப்பர் கடைக்குப் போனேன். நாலு வீட்டுக் கவர். மற்ற ஏழு வீடு இன்னும் அடுப்பிலேயே இருக்கிறது. 1 கிலோ 700 கிராம். கடைக்காரர் மூட்டையைப் பிரித்து, அடியிலிருந்து விரிக்காத கவர் ஒன்றை உருவித் தலைகீழாகப் பிடித்தார். ஒரு ஸ்பூன் தண்ணீர் சொட்டியது.

“நூறு கிராம் கழிச்சுக்கறேன்மா.”

அது எங்கள் வீட்டுக் கவர் இல்லை. எதிர்வீடு.