பிழை திருந்தியது, காரணம் புரியவில்லை

நிரல் எழுதக் கற்றுக்கொண்ட முதல் ஆண்டில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அதே பிழையை நான் இரண்டு முறை செய்தேன். இரண்டாம் முறை செய்தபோது, அது பழைய பிழைதான் என்பது எனக்குத் தெரியவே இல்லை.

முதல் முறை, மாணவர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் சிறிய நிரல் ஒன்றைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மதிப்பெண்ணையும் ஒரு பட்டியலையும் பெற்று, அந்த மதிப்பெண்ணைப் பட்டியலின் இறுதியில் சேர்த்துத் திருப்பித் தரும் ஃபங்ஷன் (வேண்டும்போது பெயர் சொல்லி அழைக்கும் நிரல் பகுதி) ஒன்று அதில் இருந்தது. பட்டியல் எதுவும் கொடுக்கப்படாவிட்டால் வெறும் பட்டியலிலிருந்து தொடங்கட்டும் என்று, இயல்பு மதிப்பாக வெறும் பட்டியல் ஒன்றையே வைத்திருந்தேன். முதல் மாணவருக்கு எல்லாம் சரியாக வந்தது. இரண்டாம் மாணவரின் பட்டியலில் முதல் மாணவரின் மதிப்பெண்களும் சேர்ந்து வந்தன. இணையத்தில் தேடியதும், இயல்பு மதிப்பை ‘நன்’ (None, அதாவது ‘எதுவும் இல்லை’) என்று வைத்துவிட்டுப் புதிய பட்டியலை ஃபங்ஷனுக்குள்ளே உருவாக்க வேண்டும் என்ற விடை சில நிமிடங்களில் கிடைத்தது. அப்படியே எடுத்து ஒட்டினேன். நிரல் ஓடியது. அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

ஏழெட்டு மாதங்களுக்குப் பிறகு, நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் வேறொரு நிரலை எழுதினேன். நேரம் கொடுக்கப்படாத நிகழ்வுக்கு அந்தக் கணத்தின் நேரத்தையே எடுத்துக்கொள்ளட்டும் என்று, இயல்பு மதிப்பின் இடத்தில் தற்போதைய நேரத்தைக் கேட்கும் அழைப்பை எழுதியிருந்தேன். பல மணி நேரம் ஓடிய பிறகு பார்த்தால், எல்லாப் பதிவுகளிலும் ஒரே நேரம். கணினியின் கடிகாரம், நேர மண்டல அமைப்பு, தரவுத்தளம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்து இரண்டு நாட்களைச் செலவிட்டேன். காரணமோ முன்பு வந்த அதே காரணம்தான். பைத்தான் இயல்பு மதிப்பை, ஃபங்ஷன் அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் கணக்கிடுவதில்லை. ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறை கணக்கிட்டு, அந்த மதிப்பையே வைத்துக்கொள்கிறது. பட்டியல் பகிரப்பட்டதும் நேரம் உறைந்து நின்றதும் இந்த ஒரே விதியின் இரண்டு விளைவுகள். முதல் முறையே இந்த விதியைத் தெரிந்துகொண்டிருந்தால், இரண்டாவது பிழையை இரண்டு நிமிடத்தில் அடையாளம் கண்டிருப்பேன். நான் கற்றதோ ‘பட்டியல் என்றால் நன் வை’ என்ற திருத்தத்தை மட்டும்தான்.

தோல்வியிலிருந்து கற்கலாம் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் தோல்வி தானாக எதையும் கற்பிப்பதில்லை என்பதே என் அனுபவம். பிழைச்செய்தி மறைந்தவுடன் கவலை நீங்கிவிடுகிறது. அந்த நிம்மதியைக் கற்றுக்கொண்டதற்கான அடையாளமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். காணொளிப் பாடங்களைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்வதிலும் நடப்பது இதுதான். ஒவ்வொரு வரியும் புரிவதாகத் தோன்றும். வெறும் கோப்பைத் திறந்துவைத்து அதையே மறுபடி எழுத முயன்றால் மூன்றாவது வரியில் கை நின்றுவிடும்.

இதற்குச் சான்றாக நான் நினைவில் வைத்திருப்பது, உளவியலாளர்களான ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு சிறு பகுதியை மாணவர்களில் சிலர் இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, நினைவில் இருப்பதைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழாயிற்று: எழுதிப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 56 விழுக்காட்டையும், மறுபடி படித்தவர்கள் 42 விழுக்காட்டையும் நினைவில் வைத்திருந்தார்கள். அந்த ஐந்து நிமிட முன்னிலைதான் நம்மை ஏமாற்றுகிறது என்று நான் நினைக்கிறேன். பாடம் முடிந்த உடனே நம்மை நாமே அளந்துகொள்வதால், பயன் குறைந்த முறையே பயன் மிகுந்ததாகத் தெரிகிறது.

அந்த இரண்டு நாட்களுக்குப் பிறகு ஒரு குறிப்பேடு வைக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று வரிகள். நிரலை ஓட்டுவதற்கு முன்பே, என்ன விடை வரும் என்று எதிர்பார்க்கிறேன் என்பதை முதல் வரியில் எழுதுவேன். உண்மையில் வந்தது இரண்டாம் வரி. இரண்டும் ஏன் வேறுபட்டன என்பது மூன்றாம் வரி. முதல் வரியை முன்கூட்டியே எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது. விடையைப் பார்த்த பிறகு எழுதினால், ‘இப்படித்தான் வரும் என்று எனக்குத் தெரியும்’ என்று மனம் சொல்லிவிடும். எழுதிவைத்த எதிர்பார்ப்பு மட்டுமே, என் புரிதல் எந்த இடத்தில் தவறியது என்பதைக் காட்டுகிறது.

ஒரு பதிவைச் சொல்கிறேன். 0.1 என்ற எண்ணை ஒரு லூப்பில் பத்து முறை கூட்டினால் 1 வரும் என்று, ஐயமே இல்லாமல், எழுதியிருந்தேன். வந்தது 0.9999999999999999. மூன்றில் ஒரு பங்கைப் பதின்ம முறையில் முடிவில்லாமல் எழுத வேண்டியிருப்பது போல, பத்தில் ஒரு பங்கை இரும முறையில் முடிவில்லாமல் எழுத வேண்டியிருக்கிறது. கணினி அதை ஓரிடத்தில் நிறுத்தித்தான் சேமிக்கிறது. இதை நான் இனி மறக்க மாட்டேன். மிகுந்த உறுதியோடு சொன்ன தவறான விடைகள், சரியான விடையைக் கேட்டபின் எளிதாகத் திருந்துகின்றன என்று பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் என்ற உளவியலாளர்கள் 2001இல் கண்டறிந்தார்கள். எனவே உறுதியாகத் தெரிந்த இடத்தில்தான் எதிர்பார்ப்பைத் தவறாமல் எழுத வேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன்.

எல்லாத் தோல்விகளும் இந்த உழைப்புக்குத் தகுதியானவை அல்ல. ஒரு மென்பொருளை நிறுவும்போது வரும் பதிப்புச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு விடையைத் தேடி ஒட்டிவிட்டுப் போவதே சரி. நான் எழுதிய தர்க்கத்தில் வரும் பிழைகளுக்கே குறிப்பேடு.

அப்படிப்பட்ட பிழையிலும் கண்மூடித்தனமாக வரிகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது கற்றல் ஆகாது. பாதியில் ஓரிடத்தில் மதிப்பை அச்சிட்டு, பிழை அதற்கு முன்பா பின்பா என்று தீர்மானித்தால், தேட வேண்டிய பரப்பு ஒரே அடியில் பாதியாகும். இதையே, நிரலில் செய்த மாற்றங்களை வரிசையாகச் சேமித்துவைக்கும் கிட் (Git) மென்பொருள் பழைய மாற்றங்களின் மீது தானாகச் செய்து தருகிறது. ஆயிரம் மாற்றங்களில் எது பிழையைக் கொண்டுவந்தது என்பதை ஏறக்குறையப் பத்துச் சோதனைகளில் கண்டுபிடித்துவிடலாம்.

தொடக்கத்தில் இவ்வளவு பிழைகள் வருவதே எனக்குத் திறமை இல்லாததன் அறிகுறி என்று நம்பி, சில வாரங்கள் கணினியைத் திறக்காமலேயே இருந்திருக்கிறேன். அப்போது மாரிஸ் வில்க்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும். கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினியை உருவாக்கியவர் அவர். அது தன் முதல் நிரலை ஓட்டியது 1949 மே 6ஆம் நாள். அடுத்த சில வாரங்களில் அவர் எழுதிய 126 வரி நிரலைத் துளைகளாகப் பதித்த காகித நாடா பிற்காலத்தில் கிடைத்து ஆராயப்பட்டபோது, அதில் ஏறக்குறைய இருபது பிழைகள் இருந்தது தெரியவந்தது. கணினியையே கட்டியவருக்கு ஆறு வரிக்கு ஒரு பிழை. தம் எஞ்சிய வாழ்நாளில் கணிசமான பகுதி சொந்த நிரல்களில் பிழை தேடுவதிலேயே கழியப்போகிறது என்பதை அந்த நாட்களில்தான் உணர்ந்ததாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார்.

என் குறிப்பேட்டின் அண்மைப் பதிவு ஜாவா என்ற நிரல்மொழியைப் பற்றியது. இரண்டு இழைகள் (ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைகள்) ஒரே எண்ணியைத் தலா 1,00,000 முறை ஒன்று ஒன்றாகக் கூட்டினால் 2,00,000 வரும் என்பது முதல் வரி. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அதைவிடக் குறைவான, வேறு வேறு எண்கள் வந்தன என்பது இரண்டாம் வரி. ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் உள்ளே விடும் பூட்டு ஒன்றைப் போட்டதும் விடை சரியாகிவிட்டது. ஆயினும் மூன்றாம் வரியை எழுத நான்கு நாட்களாயின. “ஒன்றைக் கூட்டுவது ஒரே செயல் அன்று, படித்தல், கூட்டல், திரும்ப எழுதுதல் என்ற மூன்று செயல்கள். ஓர் இழை படித்ததற்கும் எழுதுவதற்கும் இடையில் மற்ற இழை எழுதியது அழிந்துபோகிறது.”