ஒரே தட்டில் கிழங்கும் பழமும்: தை மாதக் குறிப்புகள்

16 ஜனவரி 2025, வியாழன்

பொங்கல் கழிந்தது. அடுக்களை மூலையில் சீனிக்கிழங்கும் (சர்க்கரைவள்ளி) சிறுகிழங்கும் ஒரு துண்டு சேனையும் பாதி மஞ்சள் பூசணியும் கிடக்கின்றன. நாகர்கோவில் பக்கம் பொங்கலுக்குக் கிழங்கு வாங்காத வீடு அபூர்வம். படைத்ததும் கூட்டு வைத்ததும் போக எப்படியும் மிச்சம் இருக்கும். தோட்டத்திலிருந்து மாமா கொண்டுவந்த ஏத்தன் (நேந்திரன்) வாழைக் குலையில் மேல் சீப்பு பழுத்துவிட்டது, கீழ்ச் சீப்புகள் இன்னும் செங்காய்.

கிழங்கு, காய், பழம் மூன்றையும் ஒரே தட்டில் வைத்து ஓவனில் சுட்டுக் காலைச் சாப்பாடாக்குவது எங்கள் வீட்டில் கொஞ்ச காலமாகப் பழக்கம். மாவு அரைக்காத நாட்களுக்கென்று தொடங்கியது. இப்போது மாவு இருந்தாலும் பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள். இதற்குத் தோதான மாதம் தைதான். வடசேரி சந்தையில் கிழங்கு புதுசாகக் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது. அதனால் இந்த மாதம் செய்வதை அவ்வப்போது இங்கே எழுதிவைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வகைச் சமையலுக்குக் கிடைக்கும் குறிப்புகளில் பல, எல்லாவற்றையும் நறுக்கி எண்ணெயில் பிரட்டி ஒன்றாக உள்ளே தள்ளுங்கள் என்று முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. தட்டு ஒன்றுதான், ஆனால் நேரம் ஒன்றல்ல. கிழங்குக்கு முக்கால் மணி நேரம் வேண்டும், அன்னாசிக்குப் பத்து நிமிடம் போதும். எது எப்போது உள்ளே போகிறது என்பதில்தான் முழு ருசியும் இருக்கிறது.

19 ஜனவரி, ஞாயிறு

இன்று நான்கு பேருக்குச் செய்தேன். சீனிக்கிழங்கு 400 கிராம், மஞ்சள் பூசணி 250 கிராம், உரித்த சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) 150 கிராம், ஏத்தன்பழம் ஒன்று, அன்னாசி 200 கிராம், முந்தின இரவு ஊறப்போட்டு வேகவைத்த கறுப்புக் கொண்டைக்கடலை ஒரு கப். தேங்காய் எண்ணெய் 3 தேக்கரண்டி, உப்பு, இடித்த நல்லமிளகு, கறிவேப்பிலை, கடைசியில் பிழிய ஒரு எலுமிச்சை.

ஓவனை 200 டிகிரியில் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியும்படி வைத்து, வெறும் தட்டையும் உள்ளேயே வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றுகிறேன். தட்டு சூடாக இருக்க வேண்டும், கிழங்கு விழும்போது 'சொய்' என்று சத்தம் கேட்க வேண்டும். அப்படி விழுந்தால் அடிப்பக்கம் உடனே இறுகிவிடும், பிறகு திருப்பும்போது தட்டில் ஒட்டாது.

கிழங்கைத் தோலோடு ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, துணியால் ஈரம் போக ஒற்றியெடுத்து, எண்ணெயும் உப்பும் பிரட்டி முதலில் வைக்கிறேன். 25 நிமிடம். இடையில் ஒரு தடவை திருப்புவது போதும். அதற்குமேல் கதவைத் திறந்தால் சூடு இறங்கிவிடும். அப்புறம் பூசணியும் உள்ளியும் கடலையும் சேர்ந்து 12 நிமிடம். பூசணிக்கு நான் முன்கூட்டியே உப்புப் போடுவதில்லை. உப்பு பட்டதும் அது தண்ணீர் விடும், தட்டில் தண்ணீர் நின்றால் சுடுவது போய் அவியல் ஆகிவிடும். கடைசியாக அன்னாசியும் ஏத்தன்பழமும் கறிவேப்பிலையும். இன்னொரு 10 நிமிடம்.

துண்டுகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விடுவது முக்கியம். நெருக்கிப் போட்டால் ஒன்றின் ஆவியில் இன்னொன்று வேகும். காய் பழுப்பாகச் சிவக்க அதன் மேற்பரப்பு 140 டிகிரியாவது தொட வேண்டும். ஈரம் இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. ஐந்தாறு பேருக்குச் செய்வதென்றால் ஒரே தட்டில் அடுக்காமல் இரண்டு ஈடாகச் செய்வது நல்லது.

தட்டை வெளியே எடுத்தபோது உள்ளியின் வெளித்தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே இருப்பது முழுசாக வழுக்கிக்கொண்டு வந்தது. இனிப்பும் காரமும் கலந்த அந்த ஒரு வாய்க்காகவே உள்ளி உரிக்கும் பாட்டைப் படலாம். கடலை மொறுமொறுவென்று இருந்தது. பிள்ளைகள் முதலில் பொறுக்கித் தின்றது அதைத்தான்.

22 ஜனவரி, புதன்

பள்ளி நாள். கிழங்கை நேற்று இரவே நறுக்கித் தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன், நறுக்கிய முகம் கறுக்கவில்லை. காலையில் ஓவனைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகலாம். ஒரே நிபந்தனை, தண்ணீரில் கிடந்த கிழங்கை நன்றாகத் துடைக்க வேண்டும்.

26 ஜனவரி, ஞாயிறு

இன்று கிழங்கை மட்டும் வேறு விதமாகச் சுட்டேன். துண்டாக நறுக்காமல் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டிய முகம் கீழே படும்படி, சூடேற்றாத ஓவனில் வைத்து 180 டிகிரிக்குத் திருகினேன். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குச் சரிப்படும்.

இனிப்பில் நல்ல வித்தியாசம். சீனிக்கிழங்குக்குள் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும் நொதி ஒன்று இருக்கிறது. சுமார் 60 டிகிரிக்கும் 75 டிகிரிக்கும் இடையில்தான் அது மும்முரமாக வேலை செய்யும், அதற்குமேல் சூடானால் செயலிழந்துவிடும். சின்னத் துண்டை நல்ல சூட்டில் போட்டால் அந்த இடைவெளியைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. பெரிய துண்டு மெல்லச் சூடேறும்போது நொதிக்கு நேரம் கிடைக்கிறது. மைக்ரோவேவில் வைத்த கிழங்கு சப்பென்று இருப்பதும் இதனால்தான். இன்று வெட்டிய முகத்தின் ஓரமெல்லாம் சாறு கசிந்து கருப்பட்டிப் பாகு போலத் தட்டில் உறைந்திருந்தது. பிள்ளைகள் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

ஆனால் இந்த இனிப்பை அம்மாவின் தட்டில் அளந்துதான் வைக்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அவித்த சீனிக்கிழங்கைவிடச் சுட்டது ரத்தத்தில் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். அதனால் அம்மாவுக்குக் கிழங்கு இரண்டு துண்டு மட்டும். மற்றபடி பூசணி, உள்ளி, நிறையக் கடலை, ஓர் அவித்த முட்டை. பழத்தில் அன்னாசி ஒரு துண்டு. அதே தட்டுதான், பங்கு வேறு.

அம்மா சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "எங்க காலத்துல காலையில இட்லி ஏது மக்ளே? அவிச்ச மரச்சீனி, இல்லன்னா கிழங்கு, கூட ஒரு மிளகாச் சம்மந்தி. இட்லியெல்லாம் தீவாளிக்குத்தான்."

அது முழுக்க உண்மை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனி என்கிற மரவள்ளிப் பயிரைப் பரப்பினார். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்து அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, இந்தப் பக்கத்துப் பல குடும்பங்களின் வயிறு அதில்தான் நிறைந்தது. அன்று எங்கள் ஊரும் திருவிதாங்கூர்தான், தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். கிழங்கு தின்று பொழுது விடிந்த ஊருக்குக் கிழங்குக் காலைச் சாப்பாடு புதுசு ஒன்றும் இல்லை. ஓவன்தான் புதுசு.

மரச்சீனியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அதைப் பச்சையாகத் தட்டில் வைக்கக் கூடாது. அதில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. தோலுரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிய பிறகுதான் சுடலாம். சிறுகிழங்கையும் அரை வேக்காடு வேகவைத்துத் தோல் நீக்கி வைக்கிறேன். சேனையை இந்தத் தட்டில் சேர்ப்பதே இல்லை. புளித் தண்ணீரில் வெந்தால்தான் அதன் நமைச்சல் அடங்கும், அது கூட்டுக்கே இருக்கட்டும்.

1 பிப்ரவரி, சனி

பழம் பற்றி எழுத வேண்டும் என்று வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். காயோடு பழமா என்று முகம் சுளிப்பவர்கள் அதை இனிப்புக்காகச் சேர்ப்பதாக நினைக்கிறார்கள். இனிப்பு கிழங்கிலேயே போதுமான அளவு இருக்கிறது. நான் பழத்தைச் சேர்ப்பது புளிப்புக்காகவும் சாற்றுக்காகவும். வறண்ட கிழங்குத் துண்டோடு ஒரு துண்டு அன்னாசி சேர்ந்தால் தனியாகச் சட்னி வேண்டியதில்லை.

அன்னாசி கடைசியில் போவதற்குக் காரணங்கள் உண்டு. அது விடும் சாறு தட்டை நனைக்கும். அதன் புளிப்பு பட்ட கிழங்கு சீக்கிரம் மசியாது, சிவக்கவும் தாமதமாகும். அதனால் தட்டின் ஒரு மூலையில் தனியாக வைத்து, இலைக்கு வரும்போதுதான் கலக்கிறேன். பச்சையாகத் தின்னும்போது நாக்கை அறுக்கிற அந்தச் சுரீர் சுட்ட அன்னாசியில் இருக்காது. அதற்குக் காரணமான புரோமிலைன் நொதி சூட்டில் அழிந்துவிடுகிறது. என் சின்ன மகள் பச்சை அன்னாசியைத் தொடமாட்டாள், இதை இரண்டாம் தடவை கேட்டு வாங்குகிறாள்.

ஏத்தனில் பதம் பார்ப்பது முக்கியம். தோல் மஞ்சளாகி அங்கங்கே கரும்புள்ளி விழுந்த பழம் இதற்குச் சரி. முழுக்கக் கறுத்தது ஓவனில் குழைந்துபோகும், அதை நெய்யில் வதக்கித் தின்னலாம். செங்காயாக இருந்தால் பழக் கணக்கில் சேர்க்காமல் பூசணியோடு வைக்கிறேன். அதில் மாவு இன்னும் முழுசாகச் சர்க்கரையாகவில்லை, கூடுதல் நேரம் கேட்கும். ஒரே குலையில் இரண்டும் இருந்ததால் இந்த மாதம் இதை நன்றாகப் பார்க்க முடிந்தது.

மட்டி வாழைப்பழத்தைச் சுடக் கூடாது. கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வாசனை சூட்டில் நிற்காது. உரித்து அப்படியே தின்ன வேண்டிய பழம் அது. தட்டு வெளியே வந்த பிறகு பக்கத்தில் ஒன்று வைத்துக்கொள்ளலாம். பப்பாளி வேண்டாம், சுட்டால் குழகுழவென்றாகிறது. கொய்யா நன்றாக வருகிறது, ஆனால் விதைப் பகுதியை எடுத்துவிட வேண்டும்.

5 பிப்ரவரி, புதன்

எலுமிச்சை இல்லை. நாரத்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு போதுமாக இருந்தது.

9 பிப்ரவரி, ஞாயிறு

தெரிந்த அண்ணாச்சி ஒருவர் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பூ சோனா என்ற சீனிக்கிழங்கு ரகத்தின் கொடி வாங்கிவந்து நட்டிருந்தார். நேற்று ஒரு பை கிழங்கு கொடுத்தனுப்பினார். வெட்டினால் உள்ளே நல்ல ஆரஞ்சு நிறம். அந்த நிலையத்தின் கணக்குப்படி 100 கிராமில் சுமார் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். உள்ளே வெள்ளையாக இருக்கும் நம் சந்தைக் கிழங்கில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. உடம்பு இதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது, உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். தட்டில் போகும் தேங்காய் எண்ணெய் அந்த வேலையைச் செய்துவிடும். ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறையைப் போக்க இந்த வகை ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பியவர்களுக்கு 2016-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் எல்லாம் இது வேண்டும் என்று எனக்கு மனதார ஆசை. வடசேரியில் இன்னும் கண்ணில் படவில்லை.

சுட்டுப் பார்த்தேன். வெள்ளையைவிட நீர் அதிகம், சீக்கிரம் வெந்துவிடுகிறது. அதனால் பூசணிக்கு முன்னால் 15 நிமிடம் போதும். பூசணியே இல்லாமலும் செய்யலாம், நிறத்துக்கு நிறம் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா வாசனை பிடித்து வந்தார்கள். "எங்கிட்ட ஓவனெல்லாம் இல்லியே, கேஸ்ல வருமா?" என்று கேட்டார்கள். வரும். இரண்டு பேருமாக அப்போதே செய்து பார்த்தோம். கனமான இரும்புத் தோசைச்சட்டி, பொருந்துகிற ஒரு மூடி. கிழங்கைத் துண்டாக்காமல் அரை அங்குல வட்டமாக நறுக்கி ஒரே அடுக்காகப் பரப்பி, எண்ணெய் விட்டு மூடிச் சின்னத் தீயில் 10 நிமிடம். திருப்பிப் போட்டு உள்ளியைச் சுற்றிலும் வைத்து, மூடி இன்னொரு 7, 8 நிமிடம். பிறகு மூடியை எடுத்துவிட வேண்டும், அதன் உள்பக்கத்துத் தண்ணீர் சட்டியில் சொட்டாமல் சாய்க்காமல் தூக்க வேண்டும். கிழங்கை ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் பழத்தை வைத்துத் தீயைக் கூட்டினால் மூன்று நிமிடத்தில் சிவந்துவிடும்.

பழம் எடுத்த இடத்தில் சாறு ஒட்டிக் கறுத்திருக்கும். அதில் இரண்டு கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு, நல்லமிளகும் உப்பும் தூவி, மரக் கரண்டியால் வழித்து எல்லாவற்றின் மேலும் ஊற்றிக்கொள்ளலாம். ஓவன் தட்டில் இது நடக்காது. அக்கா அடுத்த வாரம் கொண்டைக்கடலைக்குப் பதிலாக சிறுபயறு போட்டுப் பார்க்கப் போகிறார்களாம். கிழங்கு முக்கால் வேக்காடு ஆன பிறகு சேருங்கள், முன்னாலேயே போட்டால் பயறு கரிந்துவிடும் என்று சொல்லி, பூ சோனாவில் நான்கு கிழங்கு கொடுத்து அனுப்பினேன்.