கோபித்துக்கொண்டு போன மூடி

"அப்பா, பேனா அழுது. மூடி கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மகள் உடனே மாட்டவில்லை. இரண்டையும் எதிரெதிரே வைத்தாள். மூடியை ஒரு விரற்கடை நகர்த்தினாள். நிறுத்தினாள். அப்புறம் இன்னும் கொஞ்சம்.

தயக்கமாம்!

1944-இல் ஃப்ரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் போட்டுக் காட்டினார்கள். இரண்டு முக்கோணம், ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு கட்டம். அவ்வளவுதான் நடிகர்கள், வசனமும் கிடையாது. பார்த்ததை எழுதச் சொன்னபோது, முதல் குழுவின் 34 பேரில் ஒரே ஒருவர்தான் வெறும் வடிவங்களின் நகர்வாக எழுதினார். மற்றவர்களுக்கு அவை உயிருள்ளவை. பெரிய முக்கோணம் அடாவடிக்காரன் என்றே பலரும் சொன்னார்கள்.

(அந்த ஒருவரோடு உட்கார்ந்து சினிமா பார்க்க எனக்கு விருப்பமில்லை.)

ஏதாவது அசைந்தால் போதும், யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார் என்று மனம் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. நண்பர் அனுப்பும் ஒற்றை 'ம்'மைப் பார்த்து நான் கட்டாத கதையா?

ஒருவழியாக மூடியை மாட்டினாள்.

"சமாதானம் ஆயிட்டாங்களா?"

"இல்லப்பா. பக்கத்துல இருக்காங்க. இன்னும் பேசல."