ரியோகானுக்கு எட்டு மணிக்குப் போகாதீர்கள்

இன்று கண்ணில் பட்ட ஒரு ஜப்பான் பயணத் திட்டம்: பகல் முழுக்க டோக்கியோவின் கின்சா கடைவீதியில் ஷாப்பிங், இரவு 8 மணிக்கு வெந்நீர் ஊற்று ஊரான ஹகோனேயில் ரியோகான், அதாவது ஜப்பானியப் பாரம்பரிய விடுதி.

கொடுத்த காசில் பாதி போச்சு!

பொதுவாக வாடகையிலேயே கைசெகி எனும் பல வகை இரவு விருந்தும் சேர்ந்திருக்கும். பெரும்பாலும் 6, 7 மணிக்குத் தொடங்கிவிடும். தாமதமானால் பல இடங்களில் கிடைக்காது. 3 மணிக்கே போய், வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு உட்காருவதுதான் சுகம்.

சைவமா? முன்பதிவிலேயே சொல்லுங்கள். 'மீன் வேண்டாம்' என்றால் மட்டும் போதாது. சூப்பிலும் காயிலும் சேரும் தாஷி, பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் இறக்கிய சாறு. அதற்குப் பதில் 'கொம்பு' எனும் கடற்பாசியில் இறக்கிய தாஷி கிடைக்குமா என்று கேளுங்கள்.

அடுத்து கியோட்டோ போவதானால், பெரிய பெட்டிகளை டோக்கியோ ஹோட்டலிலிருந்தே தக்கியூபின் எனும் பெட்டி அனுப்பும் சேவையில் அங்கே அனுப்பிவிடலாம். பொதுவாக மறுநாளே சேரும். கூடவே கொண்டுபோனால், நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டும் பெட்டிக்கு டொகாய்டோ ஷின்கான்சென் புல்லட் ரயிலில், பெரிய பெட்டி வைக்கும் இடத்தோடு கூடிய இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும்.

ஷாப்பிங், டீம்லேப் டிஜிட்டல் கலைக்கூடம் எல்லாம் டோக்கியோ நாட்களுக்கு.